எந்த வேலைக்கு எந்த கேபிள்? கோலாலம்பூர் வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், கெப்போங் பக்கம் வயரிங் வேலைக்குப் போகும்போது திரும்பத் திரும்பக் காதில் விழும் கேள்விகள் இவை. சில கரண்ட் பற்றியவை, சில டிவி, இன்டர்நெட், கோயில் மைக் பற்றியவை. வரிசையாகப் படிக்க வேண்டும் என்றில்லை. உங்களுக்கு வேண்டிய கேள்விக்கு நேராகப் போய்விடலாம்.

கரண்ட் கேபிளிலும் சிக்னல் கேபிளிலும் உள்ளே இருப்பது செம்புதானே? பிறகு ஏன் இத்தனை வகை?

செம்புதான். ஆனால் கரண்ட் கேபிளுக்கு உள்ள தொல்லை சூடு. 13 ஆம்பியர் ஓடும்போது வயர் சூடாகும், மேலே உள்ள பிவிசி உறை அந்தச் சூட்டைத் தாங்க வேண்டும். ஆகவே அங்கே செம்பு எவ்வளவு தடிமன் என்பதுதான் முதல் கேள்வி.

சிக்னல் கேபிளில் ஓடுவது மிகச் சின்ன கரண்ட், சூட்டுக்கு வேலையே இல்லை. அங்கே தொல்லை வேறு: அனுப்பிய அலை அதே வடிவத்தில் மறுமுனைக்குப் போய்ச் சேர வேண்டும், வெளியிலிருந்து இரைச்சல் உள்ளே வரக்கூடாது. அதை முடிவு செய்வது கம்பிகளின் அமைப்பு: இரண்டு கம்பிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி, எப்படி முறுக்கியிருக்கிறார்கள், மேலே கவசம் இருக்கிறதா என்பதெல்லாம். “தடியாக இருந்தால் நல்ல கேபிள்” என்ற பேச்சு கரண்ட் வயருக்கு ஓரளவு சரி. சிக்னல் கேபிளுக்கு அது உதவாது.

வீட்டில் 1.5, 2.5, 4, 6 எம்எம் என்கிறார்களே, எது எங்கே?

அந்த எண் செம்பின் குறுக்குப் பரப்பு, சதுர மில்லிமீட்டரில். நம் வீடுகளில் வழக்கம் இப்படி: விளக்கு, மின்விசிறிக்கு 1.5. சாதாரண 13 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 2.5. குளியலறை ஹீட்டருக்கும் பெரிய ஏர்கோனுக்கும் பெரும்பாலும் 4. மின்சார அடுப்புக்கு 6 அல்லது அதற்கு மேல்.

ஹீட்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உடனடிச் சூடு தரும் ஹீட்டர்கள் பல 3.6 கிலோவாட். 230 வோல்ட்டில் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 15.6 ஆம்பியர். 13 ஆம்பியர் பிளக்கில் மாட்டவே கூடாது, பிரேக்கர்கள் இருக்கும் டிபி பெட்டியிலிருந்து அதற்கென்று தனி லைன் வேண்டும். குளியலறை போன்ற ஈரமான இடத்துக்கு 10 மில்லிஆம்பியர் கசிந்தாலே அறுத்துவிடும் ஆர்சிசிபி இருக்க வேண்டும் என்று 1994 மின்சார விதிமுறைகள் சொல்கின்றன. வீட்டு முழுமைக்கும் உள்ள 100 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியை மட்டும் நம்பிக் குளிக்க வேண்டாம்.

இன்னொன்று கூரை. கேபிள் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்ற அட்டவணைகள் சுற்றுச்சூடு 30 டிகிரி என்று வைத்து எழுதப்பட்டவை. மத்தியானம் ஓட்டுக்கூரைக்கும் சீலிங்குக்கும் இடையே கையை விட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே 30 டிகிரி என்பது கனவு. 40 டிகிரி ஆகிவிட்டால் பிவிசி வயரின் தாங்கும் அளவு 13 சதவிகிதம் குறையும். பல வயர்களை ஒரே பைப்பில் திணித்தால் இன்னும் குறையும்.

பிரேக்கர் அடிக்கடி விழுகிறது. பெரிய பிரேக்கர் மாற்றினால் போதுமா?

வேண்டாம். பிரேக்கர் காப்பாற்றுவது உங்கள் ஏர்கோனை இல்லை, சுவருக்குள் இருக்கும் வயரை. 20 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 போட்டால் பிரேக்கர் விழாது, அதற்குப் பதிலாக 2.5 எம்எம் வயர் சுவருக்குள்ளேயே வெந்துகொண்டிருக்கும். வயரையும் மாற்றினால் மட்டுமே பிரேக்கரை மாற்றலாம்.

தீபாவளி திறந்த இல்ல உபசரிப்புக்கு எக்ஸ்டென்ஷன் வாங்க வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?

எத்தனை சாக்கெட், என்ன நிறம், யுஎஸ்பி ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்போம். வயரின் அளவைப் பார்ப்பவர் குறைவு. வளையும் வயரில் 0.75 எம்எம் என்றால் 6 ஆம்பியர், 1 எம்எம் என்றால் 10, 1.25 எம்எம் என்றால் 13, 1.5 என்றால் 16. ஆகவே கெட்டில், ரைஸ் குக்கர், சூடேற்றும் தட்டு எல்லாம் போடப் போகிறீர்கள் என்றால் 1.25க்குக் கீழே வாங்காதீர்கள்.

ஒரு கணக்கு. 20 மீட்டர் நீளம், 0.75 எம்எம் வயர். போகவும் வரவும் சேர்த்து 40 மீட்டர், தடை ஏறக்குறைய 1 ஓம். அதில் 13 ஆம்பியர் இழுத்தால் 13 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். அந்த 170 வாட்டுக்கு மேற்பட்ட சக்தி முழுவதும் வயரில் சூடாக இறங்குகிறது. வயரைத் தரையில் விரித்துப் போட்டிருந்தால் காற்று அதைக் கொண்டுபோகும். உருளையில் சுற்றியபடியே வைத்திருந்தால்? அத்தனை சூடும் ஒரே இடத்தில். உறை இளகி, ஒட்டிக்கொண்டு, கடைசியில் ஷார்ட். சமையல்காரர் கொண்டுவரும் உருளை எக்ஸ்டென்ஷனை முழுக்க இழுத்து விரிக்கச் சொல்லுங்கள். அவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

எக்ஸ்டென்ஷனில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் மாட்டுவதும் இதே கதைதான். பிளக்குக்குள் 13 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கிறதே என்பார்கள். வயர் 6 ஆம்பியர்தான் தாங்கும் என்றால் அந்த ஃபியூஸ் எரிவதற்கு முன்பே வயர் எரிந்துவிடும்.

வயர் நிறங்கள் குழப்புகின்றன. நீலம் நியூட்ரலா, லைவா?

இரண்டும்தான். அங்கேதான் ஆபத்து.

நம் ஊர்ச் சுவருக்குள் ஓடும் வயரிங்கில் பழைய பிரிட்டிஷ் வழக்கம் இன்னும் இருக்கிறது. மூன்று ஃபேஸ் வீட்டில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் லைவ். கறுப்பு நியூட்ரல். எர்த் பச்சை, அல்லது பச்சை மஞ்சள் கோடு. ஆனால் இஸ்திரிப்பெட்டி, மின்விசிறி போன்ற சாமான்களோடு வரும் வளையும் வயரில் பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். அப்புறம் புதிய சர்வதேச முறையில் மூன்று ஃபேஸ் பழுப்பு, கறுப்பு, சாம்பல். அதாவது ஒரு முறையில் நியூட்ரலாக இருக்கும் கறுப்பு இன்னொரு முறையில் லைவ்.

பிளக் மாட்டும்போது நிறத்தை நம்பலாம். சுவரைத் திறந்தால் நம்பக்கூடாது. முந்தைய ஆள் கையில் மிச்சமிருந்த வயரை இழுத்திருக்கலாம். மெயினை அணைத்து, டெஸ்டரால் சோதித்த பிறகே கை வைக்க வேண்டும். டெஸ்டரும் வேலை செய்கிறதா என்று முதலில் வேறொரு லைவ் இடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒற்றைக் கம்பி வயருக்கும் பல இழை வயருக்கும் என்ன வித்தியாசம்?

அசையாத இடத்துக்கு ஒற்றைக் கம்பி அல்லது தடித்த சில இழைகள், அசையும் இடத்துக்கு மெல்லிய பல இழைகள். இஸ்திரிப்பெட்டி வயரில் ஒற்றைக் கம்பி போட்டால் சில வாரத்தில் ஒடிந்துவிடும். மெல்லிய இழை வயரை டிபி பெட்டியில் திருகி மாட்டும்போது முனையில் ஒரு உலோகத் தொப்பி போட்டு நசுக்க வேண்டும். இல்லாவிட்டால் இழைகள் பிரிந்து, திருகு தளர்ந்து, அந்த இடம் கருகும்.

வாசல் கேட் மோட்டாருக்கு மண்ணுக்கு அடியில் வயர் போடலாமா?

சாதாரண பிவிசி வயரை அப்படியே புதைக்கக் கூடாது. எஃகுக் கம்பிக் கவசம் சுற்றிய கேபிள் இருக்கிறது, அதைக் கேளுங்கள். எலி கடிக்காது, மண்வெட்டி பட்டாலும் ஓரளவு தாங்கும். அந்தக் கவசத்தையே எர்த்தோடு சேர்த்துவிட வேண்டும். அப்போதுதான் யாராவது வெட்டினால் பிரேக்கர் உடனே விழும். கவசத்தைச் சும்மா விட்டால் பாதிப் பயன் போயிற்று.

கொண்டோவில் “புகை குறைந்த கேபிள்” என்று விலை கூடுதலாகச் சொல்கிறார்கள். தேவையா?

பிவிசி எரிந்தால் கறுப்புப் புகையோடு ஹைட்ரஜன் குளோரைடும் வரும், அது மூச்சை அடைக்கும். மாடிப்படி வழியாகவே தப்பிக்க வேண்டிய உயரக் கட்டடத்தின் பொது இடங்களுக்கு ஹாலஜன் இல்லாத கேபிள் நியாயமான செலவு. உங்கள் யூனிட்டுக்குள் ஒரு சாக்கெட் கூட்டுவதற்கு நான் வற்புறுத்த மாட்டேன்.

லேன் கேபிளில் கேட் 5இ, 6, 6ஏ, 7, 8... எதை வாங்குவது?

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். எட்டு கம்பிகள், நான்கு சோடிகள், ஒவ்வொரு சோடியும் முறுக்கப்பட்டது. ஒரு சோடியில் ஒரு கம்பி ஏறும்போது மற்றது இறங்கும்படி எதிரெதிராக சிக்னல் அனுப்புகிறார்கள். வெளியிலிருந்து இரைச்சல் வந்தால், முறுக்கு காரணமாக இரண்டு கம்பியிலும் ஒரே அளவு விழும். மறுமுனையில் இரண்டின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும்போது இரைச்சல் கழிந்துவிடுகிறது. இந்த முறுக்குச் சோடிக்கு அலெக்சாண்டர் கிரஹாம் பெல் 1881இல் காப்புரிமை வாங்கினார். தொலைபேசிக்காக வந்த யுக்தி, இன்றைக்கும் அதே யுக்திதான். நான்கு சோடிகளும் வெவ்வேறு அளவில் முறுக்கப்பட்டிருப்பது ஒன்றின் சத்தம் மற்றதில் ஏறாமல் இருக்க.

இப்போது வகைகள். கேட் 5இ 1 ஜிகாபிட்டை 100 மீட்டர் கொண்டுபோகும். கேட் 6 அதையே இன்னும் சுத்தமாகச் செய்யும், 10 ஜிகாபிட்டையும் 55 மீட்டர் வரை தாங்கும். கேட் 6ஏ அதே 10 ஜிகாபிட்டை 100 மீட்டருக்கு. கேட் 8 சர்வர் அறைக்கு, 30 மீட்டர்தான். கேட் 7 என்று மின்வணிகத் தளங்களில் தட்டையாக, அழகாக விற்கிறார்களே, அதை அமெரிக்கத் தர அமைப்பான டிஐஏ ஏற்றுக்கொண்டதே இல்லை. நம் சாதாரண ஆர்ஜே45 பிளக்கை மாட்டிவிட்டால் கேட் 7 தரம் அங்கேயே போய்விட்டது. தட்டை கேபிளில் முறுக்குக்கு இடமும் குறைவு. புதிதாகச் சுவருக்குள் இழுக்கிறீர்களா, கேட் 6 போடுங்கள். ஏற்கெனவே 5இ இருக்கிறது, 1 ஜிகாபிட் திட்டத்துக்குக் கீழேதான் இருக்கிறீர்கள் என்றால் கை வைக்காதீர்கள்.

வகையைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது: உள்ளே உண்மையான செம்பா, செம்பு பூசிய அலுமினியமா? அலுமினியம் செம்பைவிட மோசமான கடத்தி, வளைத்தால் சீக்கிரம் ஒடியும், கேமராவுக்கு லேன் கேபிளிலேயே கரண்ட் அனுப்பினால் கூடுதலாகச் சூடாகும். கத்தியால் கம்பியைச் சுரண்டிப் பாருங்கள். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை என்றால் அலுமினியம். மேலே வெள்ளை, உள்ளே செம்பு என்றால் பயப்பட வேண்டாம், அது ஈயம் பூசிய செம்பு. பெட்டியைக் கையில் தூக்கினாலே அனுபவசாலிக்குத் தெரியும், அலுமினியம் சந்தேகப்படும் அளவுக்கு லேசாக இருக்கும்.

டிஷ் ஆன்டெனாவின் கேபிளும் பழைய சிசிடிவி கேபிளும் ஒரே மாதிரி இருக்கின்றன. மாற்றிப் போடலாமா?

இரண்டும் நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி நுரை, அதன்மேல் பின்னல், அப்புறம் உறை. டிஷ்ஷுக்கு ஆர்ஜி6, பழைய கேமராவுக்கு ஆர்ஜி59. இரண்டும் 75 ஓம்தான். ஆனால் டிஷ்ஷிலிருந்து இறங்கும் அலை 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை. அந்த வேகத்தில் மெலிந்த ஆர்ஜி59 வழியிலேயே அலையை விழுங்கிவிடும். ரேடியோக்காரர்களின் ஆர்ஜி58 என்பது 50 ஓம், அதை டிவிக்கு மாட்டினால் ஓம் மாறும் இடத்தில் அலையில் ஒரு பங்கு, கிணற்றில் கத்திய குரல் மாதிரி, திரும்பி வரும்.

இங்கே ஒரு வேடிக்கை. ஆர்ஜி6இன் நடுக்கம்பி பல நேரம் செம்பு பூசிய எஃகு. லேன் கேபிளில் திட்டிய அதே வேலை இங்கே குற்றமில்லை. உயர்ந்த அதிர்வெண்ணில் கரண்ட் கம்பியின் மேல்தோலில்தான் ஓடுகிறது, தோல் செம்பாக இருந்தால் போதும். ஆனால் டிஷ்ஷின் தலையில் உள்ள கருவிக்கு 13 அல்லது 18 வோல்ட் டிசி இதே கேபிளில்தான் ஏறுகிறது. டிசிக்கு முழுக் கம்பியும் வேண்டும். மொட்டை மாடியிலிருந்து கீழ்வீடு வரை நீண்ட தூரம் என்றால் முழுச் செம்பு நடுக்கம்பி உள்ளதைக் கேட்டு வாங்குங்கள்.

யூனிஃபை ஃபைபர் கேபிளை அலமாரிக்குப் பின்னால் மடித்து வைக்கலாமா?

அதில் செம்பே இல்லை. ஒளி போகும் கண்ணாடி இழை, உள்ளே ஒளி ஓடும் பாதை ஏறக்குறைய 9 மைக்ரான்தான். வளைக்கலாம், மடிக்கக் கூடாது. கூர்மையாக வளைந்த இடத்தில் ஒளி வெளியே கசியும், அப்புறம் மோடத்தில் சிவப்பு விளக்கு. ஒரு டம்ளர் வாய் அளவு வளையமாகச் சுற்றி வைத்தால் போதும். முனையில் பச்சை நிற இணைப்பு 8 டிகிரி சாய்வாகத் தேய்க்கப்பட்டது, நீல நிறம் நேராகத் தேய்க்கப்பட்டது. இரண்டையும் ஒன்றோடொன்று மாட்டாதீர்கள். முனைக்குள் எட்டிப் பார்க்கவும் வேண்டாம், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.

இங்கே ஃபைபரின் பெரிய லாபம் வேகம் மட்டும் இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கின் இடி மின்னல் நமக்குத் தெரியும். தொலைபேசிக் கம்பியிலேயே இன்டர்நெட் வந்த ஸ்ட்ரீமிக்ஸ் காலத்தில் மாலை மழைக்குப் பிறகு மோடம் கருகிப்போனது பல வீட்டுக் கதை, மின்னல் அடித்த வேகம் தொலைபேசிச் செம்பு வழியாக உள்ளே வந்துவிடும். கண்ணாடி கரண்டைக் கடத்தாது. ஆனால் மோடத்தின் பவர் அடாப்டர் இன்னும் சாக்கெட்டில்தான் இருக்கிறது, இடி நேரத்தில் அதைக் கழற்றுவது நல்லது.

விலை கூடிய எச்டிஎம்ஐ கேபிளில் படம் தெளிவாக வருமா?

வராது. ஓடுவது எண்கள். சரியாகப் போய்ச் சேர்ந்தால் முழுப் படம், சேராவிட்டால் புள்ளிகள் மின்னும் அல்லது திரை அணையும். நடுவில் “கொஞ்சம் மங்கல்” என்பது கிடையாது. 4கே 60க்கு 18 ஜிகாபிட் தாங்கும் கேபிள், 8கே என்றால் 48 ஜிகாபிட் கேபிள். தங்க முலாமுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

என் யுஎஸ்பி-சி கேபிள் போனைச் சார்ஜ் செய்கிறது, லேப்டாப்பைச் செய்யவில்லை. ஏன்?

முனை ஒன்று, உள்ளே பல விதம். இருபுறமும் சி முனை உள்ள கேபிள் குறைந்தது 3 ஆம்பியர், அதாவது 60 வாட் தாங்க வேண்டும். அதற்கு மேல் போக கேபிளுக்குள்ளேயே ஒரு சின்னச் சிப் வேண்டும். “நான் 5 ஆம்பியர் தாங்குவேன்” என்று அது சார்ஜரிடம் சொன்னால்தான் 100 வாட்டோ, புதிய வகையில் 240 வாட்டோ வரும். டேட்டா வேகம் தனிக் கணக்கு: அதே தோற்றமுள்ள கேபிளில் 480 மெகாபிட்டும் இருக்கும், 40 ஜிகாபிட்டும் இருக்கும். சார்ஜருடன் வரும் தடித்த கேபிள் பெரும்பாலும் 480தான். வாங்கும்போது வாட்டையும் ஜிகாபிட்டையும் தனித்தனியே கேளுங்கள்.

கோயில் திருவிழாவில் ஸ்பீக்கர் இரைகிறது. கேபிள் மாற்றினால் சரியாகுமா?

பல நேரம் சரியாகும், ஆனால் எந்த கேபிள் என்று தெரிய வேண்டும். மைக் கேபிளும் ஸ்பீக்கர் கேபிளும் ஒன்றுக்கொன்று எதிர்.

மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட். அதற்கு இரண்டு மெல்லிய கம்பி, மேலே கவசம், மூன்று ஊசி எக்ஸ்எல்ஆர் பிளக். லேன் கேபிளில் சொன்ன அதே கழித்தல் யுக்தி இங்கேயும் உண்டு. அதனால்தான் அர்ச்சகரின் மைக்கிலிருந்து மண்டபத்தின் மறுகோடிக்கு இழுத்தாலும் இரைவதில்லை. கிட்டாருக்கு மாட்டும் இரண்டு தொடுகை கேபிளை மைக்குக்கு நீளமாகப் போட்டால் கழித்தல் நடக்காது, ஜெனரேட்டர் வயர் பக்கத்தில் போகும்போது 50 ஹெர்ட்ஸ் “ம்ம்ம்” உள்ளே வரும்.

ஆம்பிளிஃபையரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போவது உண்மையான கரண்ட். அங்கே கவசம் தேவையில்லை, செம்பு வேண்டும். 100 மீட்டர் தள்ளி ஒரு 8 ஓம் ஸ்பீக்கருக்கு 1.5 எம்எம் வயர் இழுத்தால் வயரின் தடையே 2.6 ஓமுக்கு மேல், சக்தியில் கால் பங்கு வயரிலேயே போய்விடும். தைப்பூசத்தில் பத்துமலை மாதிரி பரந்த இடத்தில் நீண்ட தூரம் ஹார்ன் கட்டுவதற்கு ஏற்றது 100 வோல்ட் லைன். வோல்ட்டை ஏற்றி, கரண்டைக் குறைத்து, ஒவ்வொரு ஹார்னிலும் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் வைத்து இறக்குவார்கள். 100 வாட்டுக்கு 3.5 ஆம்பியருக்குப் பதில் 1 ஆம்பியர்தான், இழப்பு பன்னிரண்டில் ஒரு பங்காகிவிடும். டிஎன்பி உயர் அழுத்தக் கம்பியில் செய்வதும் இதுவே.

இன்னும் இரைகிறதா? மிக்சரும் ஆம்பிளிஃபையரும் வெவ்வேறு இடத்திலிருந்து கரண்ட் எடுக்கின்றனவா என்று பாருங்கள். எர்த் வழியே வளையம் உண்டாகியிருக்கும். இரண்டையும் ஒரே சாக்கெட் பக்கம் கொண்டுவாருங்கள். எர்த் கம்பியை வெட்டி இரைச்சலை நிறுத்தும் “சவுண்ட் சிஸ்டம் வித்தை”யை யாரும் செய்ய விடாதீர்கள். மைக்கைப் பிடித்திருக்கும் ஆள் உயிரோடு இருப்பது அந்தக் கம்பியால்தான்.

லேன் கேபிளையும் கரண்ட் வயரையும் ஒரே பைப்பில் இழுக்கலாமா?

கூடாது. இரைச்சல் சின்னக் காரணம். பெரிய காரணம், லேன் கேபிளின் உறை 230 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டதில்லை. ஆணி பட்டு இரண்டும் தொட்டுக்கொண்டால் ரவுட்டர் வரைக்கும் கரண்ட். தனிப் பைப், முடிந்தால் ஒரு சாண் இடைவெளி, குறுக்கே போக வேண்டுமென்றால் நேர்குறுக்காக.

ஜாலான் பாசாரில் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

புடுவில் உள்ள அந்தத் தெருவில் எல்லாம் கிடைக்கும், மலிவான போலியும் கிடைக்கும். வயரின் மேல் அச்சடித்ததைப் படியுங்கள்: தயாரிப்பாளர் பெயர், அளவு, 450/750 வோல்ட் என்ற எண், எம்எஸ் 2112 என்ற மலேசியத் தர எண். சுருளில் மலேசியத் தரச் சான்று தரும் சிரிம் முத்திரை இருக்க வேண்டும். ஒன்றும் அச்சடிக்காத வயரை எத்தனை ரிங்கிட் குறைத்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். சந்தேகம் என்றால் அரை அடி வெட்டிச் செம்பின் தடிமனை அளந்து பாருங்கள், 2.5 எம்எம் ஒற்றைக் கம்பி ஏறக்குறைய 1.78 மில்லிமீட்டர் விட்டம் இருக்கும்.

பழைய வீடு வாங்கியிருக்கிறோம். வயரிங் முழுக்க மாற்ற வேண்டுமா?

பார்க்காமல் சொல்ல முடியாது. பிவிசிக்கு முந்தைய காலத்து ரப்பர் உறை வயர் இருந்தால், ஆமாம், முழுக்க மாற்றுங்கள், தொட்டாலே உதிரும். பிவிசி என்றால் முதலில் 500 வோல்ட் மெகரால் (வயரின் உறை கரண்டைக் கசிய விடுகிறதா என்று பார்க்கும் கருவி) சோதிக்கச் சொல்லுங்கள், 1 மெகாஓமுக்குக் கீழே காட்டும் லைன்களை மாற்ற வேண்டும். எர்த் கம்பி இல்லாத சாக்கெட், ஆர்சிசிபி இல்லாத டிபி பெட்டி, இந்த இரண்டையும் மெகர் என்ன சொன்னாலும் காத்திருக்காமல் சரிசெய்யுங்கள். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனையே கூப்பிடுங்கள். புதிதாக இழுத்து முடித்தால் மேற்பார்வைக்கும் சோதனைக்கும் ஜி, எச் என்ற இரண்டு பாரங்களில் கையெழுத்திட்டுத் தர வேண்டும், மீதிப் பணத்தை அவற்றைக் கையில் வாங்கிய பிறகு கொடுங்கள்.